சூட் அறையில் முதல் நாள்

மும்பைக் கோட்டைப் பகுதியின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது பல்லார்ட் பியர். ஐரோப்பாவிலிருந்து தபால் கப்பல்கள் வந்து நின்ற காலத்தில், கரையிறங்கியவர்கள் அங்கேயே ரயில் ஏறிப் பெஷாவர் வரை செல்ல முடிந்தது. 1928ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஓடத் தொடங்கிய ஃபிராண்டியர் மெயில், குளிர்காலங்களில் இந்தத் துறைமுக நிலையத்திலிருந்தே புறப்பட்டது. இன்று அங்கே பயணிகள் ரயில் இல்லை. மழைக்காலக் கடல் அடங்கி அக்டோபர் பிறந்ததும், சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன. கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் சென்று திரும்பும் உல்லாசக் கப்பல்களில் ஏறுவதற்காக வந்தவர்கள் அவர்கள்.

உல்லாசக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை 2029ஆம் ஆண்டுக்குள் இருமடங்காக்குவது என்னும் இலக்குடன் நடுவண் அரசு 2024 செப்டம்பர் 30 அன்று ‘குரூஸ் பாரத்’ இயக்கத்தை மும்பைத் துறைமுகத்தில்தான் தொடங்கியது. அதன் அறிகுறியை வங்கிக் கிளைகளில் நாங்களும் காண்கிறோம். பணி ஓய்வு பெற்ற தம்பதியர் முதிர்ந்த வைப்புத்தொகையில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, “கப்பலில் போய்வரலாம் என்றிருக்கிறோம், சூட் அறைக்கு அவ்வளவு பணம் தகுமா?” என்று கேட்கிறார்கள். வட்டி விகிதத்தைக் கேட்டால் உடனே சொல்லிவிடலாம். இந்தக் கேள்விக்கு விடை சொல்ல, கடந்த டிசம்பரில் நாங்கள் மேற்கொண்ட பயணம் உதவியது. அந்தப் பயணம் முழுவதையும் இங்கே சொல்லப் போவதில்லை. கப்பலில் ஏறிய முதல் நாளை மட்டுமே சொல்கிறோம். அறையும் அதைப் பேணும் மனிதர்களும் எப்படிப்பட்டவர்கள் என்பது அந்த ஒரு நாளிலேயே ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது. எந்த நிறுவனத்தையும் பரிந்துரைப்பது இவ்விதழின் வேலையன்று. ஆகவே கப்பலின் பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.

நாங்கள் நால்வர். கணவன் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், எழுபத்து மூன்று வயதான அம்மா. அம்மாவின் வலது முழங்காலில் மாற்று மூட்டு பொருத்தி இரண்டாண்டு ஆகிறது. இடது முழங்கால் தன் முறைக்குக் காத்திருக்கிறது. அப்பா இருந்தவரை இராமேசுவரம் கடலைத் தாண்டி எங்கும் அழைத்துச் செல்லவில்லை என்பது அம்மாவின் நீண்ட நாள் குறை. பதிவுச் சீட்டில் ‘ஸ்வீட்’ என்று நாங்கள் வாசித்ததைக் கேட்டு, “சர்க்கரை இருக்கறவளுக்கு ஸ்வீட் ரூமா?” என்றார். அந்தச் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

கப்பல் அறைகளில் பொதுவாக நான்கு வகை உண்டு. சன்னலே இல்லாத உள்ளறை, திறக்க முடியாத கண்ணாடி வழியே கடல் தெரியும் அறை, சிறு பால்கனியுள்ள அறை, உட்காருமிடமும் படுக்குமிடமும் தனித்தனியாக அமைந்த சூட். கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று விளம்பரம் செய்வார்கள். அது ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் வந்த தொகை. தனியாகச் செல்பவர் ஏறத்தாழ இருவர் கட்டணத்தைத் தரவேண்டி வரும். மூன்றாவது, நான்காவது நபர்களுக்குக் குறையும். துறைமுகக் கட்டணம், பணியாளர் சேவைத்தொகை, ஜிஎஸ்டி ஆகியவை விளம்பரத் தொகையின் மேல் ஏறும். எங்களுக்குச் சூட் அறைக்கான தொகை உள்ளறைக்கு ஆகியிருக்கக்கூடியதைப் போல இரண்டரை மடங்கு வந்தது. உள்ளறை இரண்டு எடுத்தாலும் மிச்சம்தான். ஆனால் அம்மா நான்கு கால் ஊன்றுகோலுடன் திரும்ப இடம் வேண்டும். கூட்டம் நிறைந்த மேல்தளத்துக்குப் போகாமலே கடலைப் பார்க்கவும் வேண்டும்.

இங்கே விளம்பரங்கள் சொல்லாத ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கப்பலின் ஆட்டம் நீர்மட்டத்துக்கு அருகே, நடுப்பகுதியில்தான் மிகக் குறைவு. மேலே செல்லச் செல்லவும், முன்முனை பின்முனையை நெருங்க நெருங்கவும் கூடும். விலையுயர்ந்த சூட் அறைகளோ பெரும்பாலும் மேல்தளங்களில் இருக்கின்றன. காட்சிக்குப் பணம் கொடுப்பவர் ஆட்டத்தையும் சேர்த்தே வாங்குகிறார். தளவரைபடத்தைக் கேட்டுப் பெற்று, இருந்தவற்றுள் நடுப்பகுதியில், லிஃப்டுக்கு அருகில் உள்ளதைத் தேர்ந்தோம். முகவரிடம் இன்னொன்றையும் உறுதி செய்துகொண்டோம். குளியலறையில் தொட்டி கூடாது, தரையோடு தரையாக நின்று குளிக்கும் இடம் வேண்டும். “அப்படித்தான் இருக்கிறது” என்று மின்னஞ்சலிலேயே எழுதித் தந்தார்.

பயண நாளில் நண்பகல் பன்னிரண்டுக்கு முனையத்தை அடைந்தோம். பெரிய பெட்டிகளில் அறை எண் அச்சிட்ட சீட்டைக் கட்டி வாயிலிலேயே வாங்கிக்கொண்டார்கள். அவை அறைக்கு வந்து சேர மாலை ஐந்தாகிவிட்டது. மருந்து, கண்ணாடி, மாற்றுடை, அடையாள ஆவணம் ஆகியவற்றைக் கைப்பையில் வைத்திருக்க வேண்டும் என்பதை மூத்தோருடன் செல்பவர்கள் மறக்கலாகாது. அம்மாவின் இன்சுலின் எங்கள் தோளிலேயே இருந்தது. மின்கெண்டி, இஸ்திரிப்பெட்டி, நீட்டிப்பு மின்கம்பி போன்றவற்றைச் சோதனையில் எடுத்து வைத்துவிடுகிறார்கள். நடுக்கடலில் கப்பல் அஞ்சுவது அலையைவிட நெருப்பைத்தான். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத்தின் மின்கெண்டி போய்விட்டது. நான்கு நாளும் தேநீருக்கு என்ன செய்வது என்று அந்த அம்மையார் வாதாடிக்கொண்டிருந்தார்.

அடுத்தது பணம். கப்பலுக்குள் ரொக்கத்துக்கு வேலையில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தருகிறார்கள். அதுவே அறைச் சாவி, அதுவே அடையாளச் சீட்டு, அதுவே கடைக்கணக்கு. அதன் பின்னால் நம் வங்கி அட்டையை இணைக்கும்போது குறிப்பிட்ட ஒரு தொகையை முன்கூட்டியே நிறுத்திவைப்பார்கள். கடன் அட்டையானால் செலவு வரம்புதான் குறையும். பற்று அட்டையானால் நம் கணக்கிலுள்ள பணமே கட்டுண்டு நிற்கும். செலவழிக்காவிட்டாலும் அது விடுபடச் சில நாள்கள் ஆகலாம். எங்கள் கிளையின் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு விடுதியில் இவ்வாறு பணம் நிற்க, அதே வாரத்தில் வீட்டுக்கடன் தவணை பணமின்றித் திரும்பியது. பயண நாள்களில் தவணைத் தேதி வருமானால் கடன் அட்டையை இணைப்பதோ, தவணைக்குரிய தொகைக்கு மேல் போதிய இருப்பு வைப்பதோ நல்லது.

இன்னொன்றும் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல், புதிய அட்டைகள் உள்நாட்டு ஏடிஎம்களிலும் கடை முனையங்களிலும் மட்டுமே இயங்கும் நிலையில் வழங்கப்படுகின்றன. இணையவழி, வெளிநாட்டுப் பயன்பாடுகளை வாடிக்கையாளரே இயக்கிக்கொள்ள வேண்டும். இதைக் கரையில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும். கரை மறைந்த சிறிது நேரத்தில் கைபேசி அலைவரிசை அறுந்துபோகும். கப்பலின் செயற்கைக்கோள் இணையத்தைத் தனியே விலைக்கு வாங்கினாலும், குறுஞ்செய்தியாக வரவேண்டிய ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது.

சூட் பயணிகளுக்குத் தனி வரிசை இருந்தது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வந்தது. பதினைந்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டோம். பொது வரிசையில் நின்றவர்கள் ஏற ஒன்றரை மணி நேரம் ஆனதைப் பின்னர் உணவகத்தில் கேட்டறிந்தோம். நிற்க இயலாதவருக்கு இந்த வேறுபாடு பெரிது. இளைஞர்களாயின், புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பணத்தை மிச்சப்படுத்தலாம் என்போம்.

அறைக் கதவருகே நின்று வரவேற்றவர் முப்பது வயது மதிக்கத்தக்க கோவா இளைஞர். எங்கள் அறையும் சேர்த்து அந்த நடைவழியில் பதினாறு அறைகள் அவர் பொறுப்பு. காலை பத்து மணிக்குள் பழைய பயணிகள் இறங்கியிருந்தார்கள். பகல் ஒன்றரைக்குள் பதினாறு அறைகளிலும் விரிப்பு மாற்றி, குளியலறை துடைத்து, குப்பை அகற்றி, அடுத்தவரை வரவேற்கச் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நம் கிளைகளில் மார்ச் 31 எப்படியோ, அவருக்கு ஒவ்வொரு புறப்பாட்டு நாளும் அப்படி. “சாப்பிட்டாயா தம்பி?” என்று அம்மா தமிழில் கேட்க, கைச்சாடையில் புரிந்துகொண்டு, இல்லை என்று தலையசைத்துச் சிரித்தார்.

அறை விசாலமாகவே இருந்தது. பெரிய கட்டில், நீண்ட சோபா, அதை விரித்தால் மகளுக்குப் படுக்கை. சிறு குளிர்பெட்டி, பணப் பெட்டகம், தொலைபேசி, உடுப்பு மாட்ட ஒரு முழுச் சுவர். இழுத்துத் திறக்கும் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இரண்டு நாற்காலிகள் போட்ட பால்கனி. அக்கதவைத் திறந்து வைத்தால் குளிர்சாதனம் ஓய்ந்துவிடும். சுவர்கள் இரும்பு என்பதால் காந்தம் ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த மகள் அட்டவணைத் தாள்களையெல்லாம் சுவரில் மாட்டிவிட்டாள். தண்ணீரைக் கப்பலிலேயே கடல்நீரிலிருந்து நன்னீராக்குகிறார்கள். கழிவறை காற்றால் உறிஞ்சி இழுக்கும் வகை. பொத்தானை அழுத்தியதும் எழுந்த ஓசையில் அம்மா சுவரைப் பற்றிக்கொண்டார்.

ஆனால் குளியலறைக் கதவைத் திறந்தபோதே எங்கள் முகம் மாறிவிட்டது. நீளமான, வெண்மையான, விளம்பரப் படத்தில் மலர் மிதக்கும் அதே குளியல் தொட்டி. அதற்குள் நின்றுதான் குளிக்க முடியும். விளிம்பு முழங்கால் உயரம். வாசலிலும் நீர் வெளியே வராதபடி நான்கு விரற்கடை உயரத்தில் ஒரு படி. அம்மாவின் கால் அந்தப் படியைக் கடக்கும், தொட்டியின் விளிம்பைக் கடக்காது. நான்கு இரவு, ஐந்து பகல். அம்மா எதுவும் சொல்லவில்லை. “துடைச்சுக்கிட்டா போச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நாள்தோறும் இருவேளை தலைக்கு நீர் ஊற்றிக்கொள்ளாமல் உணவைத் தொடாதவர் அவர். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது எங்களுக்குத் தெரியும்.

முகவரின் மின்னஞ்சலை அச்செடுத்தே வைத்திருந்தோம். அதைக் காட்டிச் சண்டையிட வரவேற்பு மேசைக்குப் போகலாம். அங்கே அப்போது ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். அதற்குள் அறைப் பணியாளர், நாங்கள் ஏதும் கேட்குமுன், ஊன்றுகோலையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். பத்து நிமிடத்தில் மேற்பார்வையாளர் வந்தார். மிசோரத்தைச் சேர்ந்த பெண். அவர் முன்வைத்தவை இரண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கென அமைந்த அறை ஒன்று காலியாக இருக்கிறது. படி கிடையாது, தொட்டி கிடையாது, பிடிமானக் கம்பிகள் உண்டு. ஆனால் அது கீழ்த்தளத்தில் சன்னலில்லாத உள்ளறை. அல்லது இங்கேயே இருக்கலாம். தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளும் வெளியுமாக நிற்கும் குளியல் இருக்கை ஒன்று மருத்துவப் பிரிவில் இருக்கக்கூடும். வெளியே உட்கார்ந்து மெல்ல உள்ளே நகர்ந்து காலை எடுத்து வைக்கலாம். அது கிடைக்குமா என்பதை இரவுக்குள்தான் சொல்ல முடியும்.

நாங்கள் மூவரும் மூன்று விதமாகப் பேசினோம். மகளுக்குப் பாட்டியைக் கீழே தனியாக விட மனமில்லை. தானும் உடன் போவதாகச் சொன்னாள். எங்களில் ஒருவருக்குக் கொடுத்த பணம் உறுத்தியது. இன்னொருவருக்கு ஈரத் தரையில் அம்மா விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். கப்பலில் இருப்பது ஒரு சிறு மருத்துவமனை. முதலுதவிக்கும் அவசரத்துக்கும் போதும். இடுப்பெலும்பு முறிந்தால் கரைதான் போக வேண்டும். அம்மா பால்கனியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: “கடலைப் பாக்கத்தானே கூட்டிட்டு வந்தீங்க? சன்னலில்லாத ரூம் கும்பகோணத்திலயே இருக்கு.”

தங்குவது என்று முடிவாயிற்று. ‘கிடைத்தால்’ என்ற சொல்லை நம்பித் தங்குவது வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு எளிதன்று.

நான்கு மணிக்குப் பாதுகாப்புப் பயிற்சிக்கான அழைப்பு. ஏழு குறுவொலி, ஒரு நெட்டொலி. இந்த ஒலி கேட்டால் எங்கிருந்தாலும் தத்தம் கூடுமிடத்துக்குச் செல்ல வேண்டும். பலர் இதை ஒரு தொல்லையாகக் கருதிக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகள் பலருக்குப் பயிற்சி அப்போது நடந்திருக்கவில்லை. கப்பல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்ற விதி 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது அதன் பிறகுதான். அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. இதே மும்பையின் பாவுச்சா தக்காவிலிருந்து ரேவஸ் சென்ற ராம்தாஸ் நீராவிப் படகு 1947 ஜூலை 17 அன்று மூழ்கியதில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எங்கள் அருகே உயிர்காப்புச் சட்டையை அணிந்து நின்ற மராட்டியப் பெரியவர் ஒருவர், தம் ஊரில் இன்றும் ஆடி மாதக் கடலில் படகேறும்போது அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்றார்.

பயிற்சியின்போதுதான் ஒன்றை அறிந்தோம். ஆபத்துக் காலத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. அப்படியானால் அம்மா? உதவி தேவைப்படுவதாகத் தெரிவித்த பயணிகளின் விவரத்தைப் பதிவு செய்து, கப்பல் புறப்படுமுன் தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையின் விதி. நாம் தெரிவித்தால்தான் பெயர் அப்பட்டியலில் ஏறும். நாங்கள் பாதுகாப்பு அதிகாரியைத் தேடிச் சென்றபோது அவர் கையிலிருந்த தாளில் எங்கள் அறை எண் ஏற்கெனவே இருந்தது. அம்மாவைத் தூக்கி வருவதற்கு இரண்டு பணியாளர்களின் பெயரும் எதிரே எழுதியிருந்தது. இரண்டு மணிக்கு வந்த மேற்பார்வையாளர் குளியல் இருக்கையைப் பற்றி மட்டும் நினைத்துக்கொண்டு திரும்பவில்லை என்பது அப்போது விளங்கியது.

ஐந்தரைக்குக் கப்பல் நகர்ந்தது. அசைந்ததே தெரியவில்லை; எதிரேயிருந்த கிடங்குகள்தாம் பின்வாங்குவன போலிருந்தன. அம்மா பால்கனியில் ஊன்றுகோலைக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொலாபாவின் தென்கோடியில் 1875ஆம் ஆண்டு கட்டிய பிராங்ஸ் கலங்கரை விளக்கம் கடந்து போகையில் சூரியன் மறைந்துவிட்டது; விளக்கு எரியத் தொடங்கியது. வழிகாட்ட வந்த துறைமுக மாலுமி கயிற்றேணியில் இறங்கிச் சிறு படகில் தாவினார். அதைக் கண்ட அம்மா, “ஐயோ, அந்தப் பிள்ளையை இறக்கி விட்டுட்டாங்களே” என்றார். அவர் வேலையே அதுதான் என்று விளக்கினோம். படகு கண்ணுக்குத் தெரியும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தார். பால்கனிக்கென்று கொடுத்த கூடுதல் தொகையைப் பற்றி அதன்பின் எங்களில் எவரும் பேசவில்லை.

உணவகத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஏதுமில்லை. சைவம், அசைவம், ஜெயின் என்று தனித்தனிப் பகுதிகள். வெங்காயம் பூண்டு வேண்டாதவர்கள் முதல் இரவே பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டால் மறுநாள் கேட்காமலே வந்துவிடுகிறது. மூன்று கட்டணமில்லா உணவகங்கள் இருக்கும்போது கட்டண உணவகத்துக்கு முதல் நாளே ஓடுவது வீண் என்பது எங்கள் கருத்து. வெண்ணிறச் சோறு சற்றே விறைப்பு. தயிர் மும்பைத் தயிர், இனிக்கிறது.

எட்டே முக்காலுக்கு அறைக் கதவு தட்டப்பட்டது. அறைப் பணியாளர் தலைகீழாகப் பிடித்த ஒரு நாற்காலியைப் போன்ற ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றார். குளியல் இருக்கை. இரண்டு கால்கள் தொட்டிக்குள்ளும் இரண்டு வெளியிலுமாகப் பொருத்தி, ரப்பர் விரிப்பை அடியில் ஒட்டி, தாமே ஏறி உட்கார்ந்து நகர்ந்து காட்டினார். நீர்த்தூவியைச் சுவரிலிருந்து கழற்றிக் கைக்கெட்டும் இடத்தில் மாட்டினார். காலையில் ஆறு மணிக்கு எழுந்தவரின் கை அது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்து மணி நேரமாவது ஓய்வு உண்டு. அதையும் இரண்டுக்கு மேல் துண்டாக்கக் கூடாது, ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். இந்தியா 2015இல் அதை ஏற்றது. விதி அது. அவர் கண்களில் அதன் விளிம்பு தெரிந்தது.

ஊர் எது என்று கேட்டோம். தெற்கு கோவாவில் ஒரு சிற்றூர். தாத்தாவும் கப்பலில் சமையல் வேலை பார்த்தவராம். கப்பலுக்குக் காத்திருக்கும் நாள்களில் மும்பை தோபி தலாவ் பகுதியில் தம் ஊரார் நடத்திய ‘குட்’ என்னும் விடுதியில் தங்குவாராம். கோவாவின் ஊர்கள் பலவற்றுக்கு அங்கே இப்படிச் சொந்த விடுதிகள் உண்டு. சுவரோரம் டிரங்குப் பெட்டிகளின் வரிசை, நடுவே ஒரு பீடம், மாலையில் செபமாலை. பெட்டியை அங்கே விட்டுவிட்டு இரண்டாண்டு கடலுக்குப் போய் வந்தவர்களும் இருந்தார்களாம்.

நாங்கள் வங்கியில் பணிபுரிகிறோம் என்றறிந்ததும் சற்றுத் தயங்கி, ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றார். ஏழாண்டு வெளிநாட்டுக் கப்பலில் இருந்தபோது தொடங்கிய என்ஆர்இ கணக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. வீடு கட்டச் சேர்த்த பணம் அதில்தான் வைப்பாக இருக்கிறது. இப்போது இந்தியக் கரையோரக் கப்பலில் வேலை. கணக்கு அப்படியே இருக்கலாமா? இந்தியாவிலேயே வேலைக்காகத் திரும்பி வந்தவர் வெளிநாடு வாழ் இந்தியர் கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. மாற்றாமல் விட்டால், வரிவிலக்கு என்று எண்ணியிருந்த வட்டி பின்னாளில் வரியோடு சேர்த்துக் கேள்வியாக வரும். கப்பல் ஊழியர்களின் நிலை ஒப்பந்தத்தையும் இந்தியாவில் தங்கிய நாள்களையும் பொறுத்து வேறுபடுவதால், ஒப்பந்தத்தாளையும் கடற்பணிப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு கணக்குள்ள கிளைக்கே நேரில் போகச் சொன்னோம். கேட்க வேண்டிய கேள்விகளைக் கப்பலின் குறிப்புத்தாளிலேயே ஆங்கிலத்தில் எழுதித் தந்தோம். நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கப்பல் மும்பை திரும்பும் நாளில் அவருக்கு இரண்டு மணி நேர ஓய்வு கிடைக்கும், அப்போது போவாராம்.

அன்பளிப்பு எவ்வளவு, எப்போது என்பது பலரும் கேட்கும் கேள்வி. சேவைத்தொகை கட்டணத்திலேயே சேர்ந்துவிடுகிறது; அது எல்லாப் பணியாளர்களுக்கும் பகிரப்படுவது. அதற்கு மேல் கையில் கொடுப்பது நம் விருப்பம். அவரிடமே கேட்டதில், பணத்தைவிடக் கருத்துப் படிவத்தில் பெயரை எழுதிவிட்டுப் போவது அடுத்த ஒப்பந்தத்துக்கு உதவும் என்றார். நாங்கள் இரண்டையும் செய்தோம். படிவத்தைக் கடைசி நாள் அவசரத்துக்கு விடாமல், அன்றிரவே, நடந்தது நினைவில் இருக்கும்போதே நிரப்பினோம். அறைப் பணியாளர், மேற்பார்வையாளர், பட்டியல் வைத்திருந்த பாதுகாப்பு அதிகாரி என மூன்று பெயர். முகவருக்கு எழுத வேண்டிய கடிதத்தைக் கரைக்கு ஒத்திவைத்தோம். அலைவரிசையும் அற்றுப் போயிருந்தது.

அம்மா குளியலறைக்குள் போய்க் கால் மணி நேரம் ஆயிற்று. மேற்பார்வையாளர் தாமே வந்து துணைக்கு நிற்பதாகச் சொன்னபோது, வேற்றுப் பெண் முன்னால் எப்படி என்று முதலில் மறுத்தவர், பிறகு, “நீ வா கண்ணு, வாசல்ல நில்லு, கூப்பிட்டா மட்டும் உள்ள வா” என்று தமிழிலேயே சொன்னார். அந்தப் பெண் அப்படியே நின்றார். உள்ளே தண்ணீர் ஓசை நின்றது. இருக்கையின் கால் ஒருமுறை கிறீச்சிட்டது. நாங்கள் மூவரும் சோபாவில் பேச்சற்று உட்கார்ந்திருந்தோம்.

கதவு திறந்தது. ஈரத்தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, ஒரு கையை அந்தப் பெண்ணின் தோளிலும் மறுகையை ஊன்றுகோலிலும் வைத்து, படியைத் தாண்டி வந்தார் அம்மா.

“தண்ணி நல்லா சூடா வருது. நீங்களும் குளிச்சிட்டுப் படுங்க” என்றார்.